விசுவாசத்தினாலேயே: பவுலின் தொடர் ஒன்றும் தமிழ் வேற்றுமை உருபும்

கிறித்தவத் திருநூலின் தமிழாக்கம் பற்றிய ஆய்வுகளுள் பெரும்பாலானவை சொல்லைப் பற்றியே பேசுகின்றன. விசுவாசமா நம்பிக்கையா, கிருபையா அருளா, இரட்சிப்பா மீட்பா என்னும் வழக்குகள் வடசொல் தென்சொல் வழக்காகவோ சபை வழக்காகவோ நடைபெறுகின்றன. எழுதுபவரின் சார்பு எதுவோ அதுவே முடிவாகவும் அமைந்துவிடுகிறது. அச்சொற்களைத் தாங்கி நிற்கும் வேற்றுமை உருபு, இடைச்சொல், துணைவினை ஆகியவற்றைக் கவனித்தவர் குறைவு. சமயக் கருத்து ஒன்று மொழிமாற்றத்தில் பெறுவனவும் இழப்பனவும் பல இடங்களில் இச்சிறு உறுப்புகளிலேயே தங்கியுள்ளன. மனிதன் தன் தகுதியைச் சார்ந்தன்று, விசுவாசத்தைச் சார்ந்தே கடவுள்முன் நிற்கிறான் என்னும் பவுலின் கருத்து தமிழில் எவ்வடிவம் பெற்றுள்ளது என்பதை இந்நோக்கில் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

இரண்டு மொழிபெயர்ப்புகள் இங்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. ஒன்று, போவர் தலைமையில் உருவாகி 1871-இல் முழுமையாக வெளிவந்து, சீர்திருத்தத் திருச்சபைகளில் இன்றும் வழங்கும் பழைய மொழிபெயர்ப்பு. மற்றொன்று, கத்தோலிக்கரும் பிற சபையினரும் இணைந்து உருவாக்கி 1995-இல் வெளியான ‘திருவிவிலியம்’ என்னும் பொது மொழிபெயர்ப்பு. இவற்றுக்குப் பின்னணியாக நிற்பவை பல. 1715-இல் தரங்கம்பாடியில் சீகன்பால்கு அச்சிட்டு முடித்த புதிய ஏற்பாடும், 1772-இல் வெளிவந்த பப்ரிசியுசின் புதிய ஏற்பாடும் அவற்றுள் முதன்மையானவை. எனினும் மொழிபெயர்ப்பு வரலாறு இக்கட்டுரையின் பொருளன்று.

பவுலின் கருத்தில் செயலும் விசுவாசமும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கத்தக்க இரு பொருள்கள் அல்ல. செயல் என்னும் கருவி பயன்படாது, ஆகவே விசுவாசம் என்னும் சிறந்த கருவியைக் கையாள்க என்று அவர் கூறவில்லை. மனிதன் கொண்டுவரும் எதுவும் அங்குச் செல்லாது என்பதே அவர் கூற்று. வெறுங்கையை நீட்டுதலுக்கு அவர் இட்ட பெயர் விசுவாசம். இந்த வேறுபாடு தமிழ்த் தொடரில் தெரிகிறதா என்பதே வினா.

லூத்தரின் ஒரு சொல்

1522-இல் வெளிவந்த லூத்தரின் செருமானியப் புதிய ஏற்பாட்டில், உரோமையர் மடல் 3:28-இல் ‘அல்லைன்’ என்னும் சொல் ஒன்று மிகையாக இருந்தது. ‘மட்டும்’ என்பது அதன் பொருள். கிரேக்க மூலத்தில் அதற்கு நேரான சொல் இல்லை. எதிர்ப்பாளர் இதனைத் திருநூலில் செய்த இடைச்செருகல் என்றனர். 1530-இல் கோபர்க் கோட்டையில் தங்கியிருந்தபோது எழுதிய, மொழிபெயர்ப்புப் பற்றிய திறந்த மடலில் லூத்தர் இதற்கு விடையளித்தார். அம்மடலில் வசைமொழிக்குக் குறைவில்லை. ஆனால் அதன் மொழியியல் பகுதி இன்றும் படிக்கத்தக்கது. இரு பொருள்களுள் ஒன்றை உடன்பட்டு மற்றொன்றை மறுக்கும்போது, உடன்பட்ட பொருளோடு ‘அல்லைன்’ சேர்ப்பது செருமானிய மொழியின் இயல்பு என்கிறார் அவர். உழவன் தானியம் கொண்டுவந்தான், பணம் கொண்டுவரவில்லை என்பது அவர் காட்டும் சான்று. இலத்தீன் எழுத்துகளைக் கேட்டன்று, வீட்டிலுள்ள தாயையும் தெருவிலுள்ள பிள்ளைகளையும் சந்தையிலுள்ள எளியவனையும் கேட்டே செருமானியம் பேசவேண்டும் என்னும் அவரது புகழ்பெற்ற கூற்றும் இச்சொல்லைக் காக்கும் வாதத்தின் இடையில் வருவதே. பொருளும் அச்சொல்லை வேண்டுகிறது என்பதை அவர் மறைக்கவில்லை. மொழி இயல்பையும் சமயக் கோட்பாட்டையும் அவர் ஒன்றாகவே நிறுத்துகிறார்.

தமிழ் மொழிபெயர்ப்பாளருக்கு இவ்வழக்கு வேறு வடிவில் வந்தது. பழைய மொழிபெயர்ப்பு அவ்விடத்தில் ‘மாத்திரம்’ என்றோ ‘மட்டும்’ என்றோ கூறவில்லை. ‘விசுவாசத்தினாலேயே’ என்று ஏகாரத்தால் முடிக்கிறது. ஏகாரத்திற்குத் தொல்காப்பியம் ஐந்து பொருளும் நன்னூல் ஆறு பொருளும் கூறும். அவற்றுள் தேற்றமும் பிரிநிலையும் இங்குக் கருதத்தக்கவை. பிரிநிலையாகக் கொண்டால் லூத்தரின் ‘அல்லைன்’ முழுமையாக வந்துவிடுகிறது: பிறவற்றால் அன்று, இது ஒன்றால். தேற்றமாகக் கொண்டால் மூலத்தில் இல்லாத சொல் எதுவும் சேர்க்கப்படவில்லை: உறுதியாக இதனால். ஐரோப்பாவில் பெரும் பூசலுக்கு இடமான ஒரு சொல், தமிழில் இரு பக்கத்தாரும் தத்தம் பொருள் கொள்ள இடம் தரும் ஓர் எழுத்தாக அடங்கிவிட்டது. இது மொழிபெயர்ப்பாளரின் நுட்பமா, தமிழ் தானே அளித்த வசதியா என்று பிரித்துக் கூறுவது கடினம். இரண்டாவதற்கே வாய்ப்பு மிகுதி.

ஏகாரம் ஏன் இரட்டித்தது என்பதும் நோக்கத்தக்கது. பழைய மொழிபெயர்ப்பின் நடையில் ‘இலே’, ‘ஆலே’ என்பன வெற்று உருபுகளாகவே வழங்குகின்றன. அதன் தொடக்கத்திலுள்ள ‘ஆதியிலே’ என்னும் சொல்லுக்கு ‘ஆதியில் மட்டும்’ என்று எவரும் பொருள் கொள்வதில்லை. ஓயாத வழக்கால் முதல் ஏகாரம் அசைநிலைக்கு இறங்கிவிட்டமையால், அழுத்தம் வேண்டிய இடத்தில் இரண்டாம் ஏகாரம் வேண்டியதாயிற்று. ‘விசுவாசத்தினாலே’ என்று வரும் பல இடங்களையும் ‘விசுவாசத்தினாலேயே’ என்று வரும் இவ்விடத்தையும் ஒப்பிடும்போது, மொழிபெயர்ப்பாளர் இங்கு அழுத்தத்தை அறிந்தே சேர்த்தனர் என்பது விளங்கும்.

‘விசுவாசம் மட்டும்’ என்னும் பெயர்த்தொடருக்கு நேரான கிரேக்கத் தொடர் புதிய ஏற்பாட்டில் ஒரே இடத்தில்தான் வருகிறது. அது யாக்கோபு மடல் 2:24. அங்கும் அது மறுக்கப்படுகிறது. பவுலுக்கும் யாக்கோபுக்கும் முரண் என்று கருதப்படுவதன் மையம் இதுவே. பழைய மொழிபெயர்ப்பு இங்கு மட்டும் ‘மாத்திரம்’ என்னும் சொல்லை ஆள்கிறது. தமிழில் ‘மாத்திரம்’, ‘மட்டும்’ என்பன அளவைக் குறித்து எழுந்தவை. ‘இவ்வளவே, இதற்குமேல் இல்லை’ என்னும் குறைவுக் குறிப்பு அவற்றில் உண்டு. ‘சோறு மட்டும் இருக்கிறது’ என்றால் குழம்பு இல்லை என்னும் ஏக்கமும் உடன்வருகிறது. ‘சோறே இருக்கிறது’ என்பதில் அவ்வேக்கம் இல்லை. ஆகவே பவுலின் ஏகாரம் பிறவற்றை விலக்குகிறது. யாக்கோபின் மாத்திரம் குறைவை மறுக்கிறது. இரண்டும் ஒரே சொல்லால் பெயர்க்கப்பட்டிருந்தால் தோன்றக்கூடிய நேர்முரண் தமிழில் தோன்றவில்லை. பழைய மொழிபெயர்ப்பின் மிகச் சிறந்த தேர்வுகளுள் ஒன்றாக இதனைக் கொள்ளலாம்.

ஆல் உருபின் பரப்பு

இடைச்சொல்லில் வெற்றி கண்ட மொழிபெயர்ப்பு, வேற்றுமை உருபில் இடர்ப்படுகிறது. கிரேக்கத்தில் பவுல் பிஸ்டிஸ் என்னும் சொல்லை ஒரே முறையில் ஆள்வதில்லை. உரோமையர் 3:28-இல் அது வெறும் நான்காம் வேற்றுமை வடிவில் வருகிறது. கிரேக்கத்தில் அவ்வடிவம் கருவிப் பொருளும் தரும். பிற இடங்களில் ‘எக்’ என்னும் முன்னுருபோடு, ‘இலிருந்து’ என்னும் பொருள்பட வருகிறது. வேறு பல இடங்களில் ‘தியா’ என்னும் முன்னுருபோடு வருகிறது. 3:30-இல் எக், தியா இரண்டும் ஒரே வசனத்தில் அமைந்துள்ளன. அது நடை வேறுபாடே அன்றிப் பொருள் வேறுபாடு அன்று என்பது அகஸ்தீன் காலம் தொட்டுக் கூறப்படும் கருத்து. ஆனால் ஒரு வேறுபாடு நடை வேறுபாடு அன்று. ‘தியா’ என்னும் முன்னுருபு ஆறாம் வேற்றுமைப் பெயரோடு சேர்ந்தால் ‘வழியாக’ எனவும், இரண்டாம் வேற்றுமைப் பெயரோடு சேர்ந்தால் ‘பொருட்டு, காரணமாக’ எனவும் பொருள்படும். மனிதன் ஏற்கப்படுதலைக் கூறும்போது பவுல் பிஸ்டிஸ் என்பதை முதல் வகையில் ஆள்கிறாரே அன்றி, இரண்டாம் வகையில் ஓரிடத்திலும் ஆளவில்லை. விசுவாசத்தின் வழியாக என்பது உண்டு. விசுவாசத்தின் பொருட்டு என்பது இல்லை. 1530-ஆம் ஆண்டின் ஆக்சுபர்க் அறிக்கை தன் நான்காம் பிரிவில் இவ்வேறுபாட்டை இரு இலத்தீன் முன்னுருபுகளால் தெளிவாக நிறுத்தியது: ‘பொருட்டு’ எனப் பொருள்படும் உருபு கிறித்துவுக்கு, ‘வழியாக’ எனப் பொருள்படும் உருபு விசுவாசத்திற்கு. கோட்பாடு முழுவதும் இவ்விரு உருபுகளில் அடங்கும் எனின் மிகையன்று.

தமிழில் இவ்வனைத்திற்கும் ஈடாக வருவது மூன்றாம் வேற்றுமை ‘ஆல்’. நன்னூல் இவ்வுருபிற்குக் கருவி, கருத்தா என்னும் பொருள்களைக் கூறும். ஏதுப்பொருளை ஐந்தாம் வேற்றுமைக்கு உரியதாக அந்நூல் வைத்தாலும், பிற்கால உரைநடையில் அதுவும் ‘ஆல்’ உருபிலேயே வந்து சேர்ந்துவிட்டது. ‘கத்தியால் வெட்டினான்’, ‘மழையால் கெட்டது’, ‘கொத்தனால் கட்டப்பட்டது’ என்னும் மூன்றிலும் உருபு ஒன்றே. கிரேக்கம் கருவி, காரணம், வினைமுதல் என மூன்று வாயில்களில் பிரித்து விடுவதைத் தமிழ் ஒரே வாயிலில் விடுகிறது.

இதன் விளைவு செயப்பாட்டு வினையில்தான் முழுமையாக வெளிப்படுகிறது. பவுலின் தொடரில் ஏற்கப்படுதலைச் செய்பவர் கடவுள். ஆனால் அவர் பெயர் தொடரில் இல்லை. தெய்வத்தை எழுவாயாகக் கூறாது செயப்பாட்டு வினையால் உணர்த்துதல் யூத மரபில் வந்த வழக்கு. தமிழில் செயப்பாட்டு வினையோடு வரும் ‘ஆல்’ பெயரை வினைமுதலாகக் கொள்வதே இயல்பான வாசிப்பு. வினைமுதல் இருக்கை காலியாக இருக்க, தொடரில் உள்ள ஒரே ‘ஆல்’ பெயர் விசுவாசம். அது அவ்விருக்கையில் சென்று அமர்ந்துவிடுகிறது. ‘கொத்தனால் கட்டப்பட்டது’ என்னும் வாய்பாட்டில் ‘விசுவாசத்தினால் நீதிமானாக்கப்பட்டான்’ என்பதும் படிக்கப்படுகிறது. நீதிமானாக்கியது எது? விசுவாசம். மூலத்தில் கடவுள் செய்த வினையை மொழிபெயர்ப்பில் மனிதனின் மனநிலை செய்கிறது.

தற்காலத் தமிழில் இதற்கு வலுவூட்டும் மற்றொரு வழக்கும் உண்டு. ‘என்னால் முடியும்’, ‘அவனால் நடக்க இயலாது’ என்னும் தொடர்களில் ‘ஆல்’ ஆற்றலுடையவனைக் குறிக்கிறது. செயலால் முடியாதது விசுவாசத்தால் முடியும் என்னும் வகையில் அமையும் மேடைத் தொடர்கள் இவ்வழக்கிலிருந்து பிறப்பவை. தமிழ் என்ற அளவில் அவற்றில் குற்றமில்லை. ஆனால் அங்கு விசுவாசம் ஓர் ஆற்றலாகிவிட்டது; ஆற்றல் எனின் அளவு உண்டு; அளவு எனின் குறைவும் உண்டு. விசுவாசத்தின் சிறுமையைச் சுட்டும் கிரேக்கச் சொல்லைப் பழைய மொழிபெயர்ப்பு ‘அற்பவிசுவாசி’ என்று பெயர்த்தது. அச்சொல் நற்செய்தி நூல்களில் அச்சத்தையும் கவலையையும் கடிந்துகொள்ளும் இடங்களில் வருவது. மேற்கூறிய வாசிப்போடு அது சேரும்போது, நோய் தீராதவனும் வேண்டுதல் பலிக்காதவனும் தம் விசுவாசத்தின் அளவைத் தாமே எடைபோட்டுப் பார்க்கும் நிலை ஏற்படுகிறது. தகுதி வேண்டாம் என்று கூறவந்த தொடர், தகுதிகளுள் மிகக் கடினமான ஒன்றைக் கேட்பதாகச் செவியில் விழுகிறது. இதற்கு இலக்கணம் மட்டும் பொறுப்பன்று. ஆங்கிலம் முதலிய மொழிகளைப் பேசுவோரிடையிலும் இந்நிலை உண்டு. ஆயினும் தமிழில் இலக்கணம் அதற்குத் தடையாக நிற்கவில்லை என்பது உண்மை.

தமிழில் வேறு வழி இல்லை என்று கூறிவிடமுடியாது. எபேசியர் மடல் 2:8-இல் பவுலின் மரபு இரு உறவுகளைத் தனித்தனியே காட்டுகிறது. பழைய மொழிபெயர்ப்பு அங்குக் கிருபைக்கு ‘ஆல்’ உருபும், விசுவாசத்திற்குக் ‘கொண்டு’ என்னும் சொல்லுருபும் தருகிறது. வேறுபாடு உணரப்பட்டது என்பதற்கு இது சான்று. எனினும் ‘கொண்டு’ கொள்ளுதல் என்னும் வினையின் எச்சம். அவ்வினைக்கு ஒரு கை வேண்டும். ‘கோடரியைக் கொண்டு பிளந்தான்’ என்பதில் கோடரியை ஏந்தியவனும் பிளந்தவனும் ஒருவனே. இந்த எச்சத்தின் நிழல் விழும்போது, விசுவாசத்தை ஏந்தியவர் மீட்கப்பட்டவரே என்றாகிறது. பொது மொழிபெயர்ப்பு இதே இடத்தில் ‘நம்பிக்கையின் வழியாக’ என்கிறது. வழிக்கு ஏந்துபவன் வேண்டியதில்லை. அதன்மேல் வருபவர் வேறொருவராகவும் இருக்கலாம். மூலத்தின் ‘தியா’ உருபிற்கு இதனினும் நெருங்கிய தமிழ் அரிது. இவ்வொரு வசனத்தைப் பொறுத்தவரை பொது மொழிபெயர்ப்பே முந்துகிறது.

சொற்களின் சுமை

இனிப் பெயர்ச்சொற்கள். இவற்றைப் பற்றிப் பலர் எழுதியுள்ளமையால் விரிவு வேண்டியதில்லை. ‘விசுவாசம்’ கிறித்தவ வழக்கிற்கு வெளியே நாய்க்கும் வேலையாளுக்கும் உரிய பண்பு. உண்ட வீட்டிற்கு இரண்டகம் செய்யாமை. அது சேவகனின் தகுதி. தகுதியை மறுக்கவந்த சொல்லே ஊர்வழக்கில் தகுதியாக இருப்பது வியப்புக்குரியது. ஆயினும் கிரேக்கப் பிஸ்டிஸ் என்பதற்கும் ‘நம்புதல்’, ‘நம்பத்தக்கவனாயிருத்தல்’ என்னும் இரு முகங்கள் உண்டு என்பதை மறத்தலாகாது. ‘நம்பிக்கை’ இந்தச் சுமையிலிருந்து விடுபட்டது. ஆனால் அது வேறு சுமை உடையது. பழைய மொழிபெயர்ப்பில் இதே சொல் எதிர்காலம் பற்றிய நல்லெண்ணத்தைக் குறிப்பது. பொது மொழிபெயர்ப்பு அதற்கு ‘எதிர்நோக்கு’ என்னும் புதுச்சொல்லை ஆக்கிக்கொண்டு ‘நம்பிக்கை’யை இடம்பெயர்த்தது. ஆகவே இரு நூல்களையும் மாறி மாறிக் கேட்கும் ஒருவர், கொரிந்தியருக்கு எழுதிய முதல் மடலின் 13-ஆம் அதிகார இறுதியில் வரும் மூன்று பண்புகளுள் ‘நம்பிக்கை’ எது என்று தடுமாறுவர். ‘தன்னம்பிக்கை’ என்னும் அன்றாடச் சொல்லோ பவுலின் கருத்திற்கு நேர் எதிரானது.

‘கிரியை’ தனியே நோக்கத்தக்கது. சைவ மரபில் அது சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் நால்வகையுள் ஒன்று. பொது வழக்கில் உத்தரகிரியை வரை சடங்கைக் குறிப்பது. ‘சட்டத்தின் செயல்கள்’ என்னும் பவுலின் தொடரை நற்செயல்கள் அனைத்துமாக விரித்துப் பொருள்கொள்வது நெடுங்கால வழக்கம். 1977-இல் சாண்டர்சு வெளியிட்ட நூலுக்குப் பின்னர், டன் முதலிய அறிஞர் அத்தொடர் சிறப்பாக விருத்தசேதனம், உணவு விலக்கு, ஓய்வுநாள் போன்ற இன அடையாளச் சடங்குகளைச் சுட்டுவது என வாதிட்டனர். இவ்வாதம் எழுவதற்கு நூறாண்டுக்கு முன்னரே, அதனை அறியாமலே, ‘கிரியை’ என்னும் சொல் தமிழ்ச் செவிக்குச் சடங்கை நினைவூட்டிக்கொண்டிருந்தது. ஆனால் அதே சொல், ஆடையில்லாதவருக்கு ஆடையும் பசித்தவருக்கு உணவும் தருதலைப் பேசும் யாக்கோபு மடலில் பொருந்தாமல் நிற்கிறது. பொது மொழிபெயர்ப்பின் ‘செயல்’ இரண்டிற்கும் பொருந்தும்; இரண்டிலும் சுவை குன்றும்.

கத்தோலிக்கத் தமிழில் தகுதியைக் குறிக்க வழங்கும் ‘பேறுபலன்’ என்னும் சொல்லையும் இங்குக் குறிப்பிடலாம். பெறு என்னும் வினை முதனிலை திரிந்து பேறு என்றாகும். ஈட்டிய தகுதியைக் கூறவந்த சொல்லின் வேரில் இருப்பது ஈட்டுதல் அன்று, பெறுதல். சமய வாதத்திற்கு இதனைச் சான்றாக்குதல் கூடாது. வேர்ப்பொருள் வேறு, வழக்குப்பொருள் வேறு. ஆயினும் சொல்லைத் தெரிந்தவர்க்கு அதனைக் கேட்காமல் இருத்தலும் இயலாது.

ஆக்குதலும் ஆதலும்

‘திகாயோ’ என்னும் கிரேக்க வினை ‘நேரியவன் என அறிவித்தல்’ என்று பொருள்படுமா, ‘நேரியவனாகச் செய்தல்’ என்று பொருள்படுமா என்பதே சீர்திருத்தக் காலப் பூசலின் மற்றொரு முனை. முன்னது நீதிமன்றத் தீர்ப்பு. பின்னது மனிதனில் நிகழும் மாற்றம். சீர்திருத்தச் சபைகள் முன்னதை வலியுறுத்தின. 1547-இல் திரெந்துப் பொதுச்சங்கம் பின்னதை விடாது பற்றியது. தமிழில் நிலைமை தலைகீழானது. சீர்திருத்தச் சபைகளின் பழைய மொழிபெயர்ப்பு ‘நீதிமானாக்கு’ என்கிறது. ‘ஆக்கு’ பிறவினை, செய்தலையன்றி அறிவித்தலைக் குறிப்பதன்று. ‘பேச்சு அவனைத் தலைவனாக்கியது’ என்றால் அவன் தலைவனாகவே ஆகிவிட்டான். கத்தோலிக்கர் பங்குகொண்ட பொது மொழிபெயர்ப்போ ‘கடவுளுக்கு ஏற்புடையவராதல்’ என்று உறவு நிலையைக் கூறுகிறது. கடவுளின் பார்வையில் ஒருவர் பெறும் இடத்தைக் குறிக்கும் இத்தொடர், தீர்ப்புப் பொருளுக்கே நெருங்கியது. ஒவ்வொரு சபையும் மற்றதன் கோட்பாட்டைத் தன் தமிழில் எழுதிவைத்துள்ளது எனலாம்.

பழைய மொழிபெயர்ப்பாளர் அறிவித்தற் பொருளை அறியாதவர் அல்லர். லூக்கா 7:29-இல் மக்கள் கடவுளை இவ்வினைக்குச் செயப்படுபொருளாக்குகின்றனர். கடவுளை நீதிமானாக ஆக்குதல் பொருந்தாது. ஆகவே அங்கு அவர் நீதியுள்ளவர் என்று மக்கள் அறிக்கையிட்டதாகவே பெயர்த்துள்ளனர். வினை ஒன்று, கடவுளுக்கு அறிவித்தல், மனிதனுக்கு ஆக்குதல். 1999 அக்டோபர் 31-இல் ஆக்சுபர்க் நகரில் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் இக்கோட்பாடு பற்றிய கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. அறிவித்தலும் புதுப்பித்தலும் பிரிக்கவொண்ணாதவை என்னும் அதன் அணுகுமுறைக்குப் பின், இரு தமிழ் வடிவங்களுள் ஒன்றைப் பிழை என்று ஒதுக்குதல் தேவையற்றதாயிற்று. ஆனால் ஒரு குறிப்பு: ‘ஏற்புடையவராகிறார்’ என்னும் தன்வினை, செயப்பாட்டு வினையின் காலி இருக்கையை அகற்றிவிடுகிறது. வினைமுதலைத் தேடும் நெருக்கடி குறைவதால், முன்னர்க் கூறிய ‘ஆல்’ இடரும் ஓரளவு குறைகிறது. அதே வேளையில் கடவுளின் செயல் என்பதும் மறைந்து, தானே நிகழும் ஒரு மாற்றம் போல் ஆகிறது. பெற்றதற்கு விலை உண்டு.

விசுவாசம் யாருடையது

‘கிறித்துவின் பிஸ்டிஸ்’ என்று ஆறாம் வேற்றுமையில் வரும் தொடர் கிறித்துவின்மேல் வைக்கும் விசுவாசமா, கிறித்து காட்டிய உண்மையா என்னும் வினாவை 1983-இல் ரிச்சர்டு ஹேசின் நூல் மீண்டும் எழுப்பியது. பழைய மொழிபெயர்ப்பு இதற்கு முன்னரே ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது: ‘கிறிஸ்துவைப் பற்றும் விசுவாசம்’. இச்சாய்வு விவாதத்திற்குரியது. ஆனால் அதன் சொல்லாட்சி பாராட்டத்தக்கது. ‘பற்றிய’ என்றிருந்தால் அது ‘குறித்த’ என்னும் சொல்லுருபாக வற்றியிருக்கும். ‘பற்றும்’ என்னும் பெயரெச்சத்தில் வினை உயிரோடிருக்கிறது. கொடி கொழுகொம்பைப் பற்றுதல் போன்ற பற்றுதல். பற்றுவதற்குத் தன் வலிமையன்று, பற்றப்படும் பொருளின் உறுதியே முதன்மை. திருக்குறளின் துறவு அதிகாரத்தைப் படித்த செவிக்கு இச்சொல் புதிதும் அன்று.

இருப்பினும் பற்றுதலும் மனிதன் செய்யும் வினையே. விசுவாசத்தைக் கூறும் தமிழ்த் தொடர்கள் பெரும்பாலும் இவ்வாறே அமைந்துள்ளன: விசுவாசி, விசுவாசம் வை, நம்பிக்கை கொள். ‘வை’, ‘கொள்’ என்னும் துணைவினைகள் எழுவாயின் விருப்பமுயற்சியைக் காட்டுவன. கிரேக்கத்திலும் இது செய்வினையே; ஆகவே மொழிபெயர்ப்பாளரைக் குறைகூற இடமில்லை. ஆயினும் தமிழில் கிரேக்கத்தில் இல்லாத ஒரு வாய்ப்பு உண்டு. பசி, தூக்கம், அறிவு, நினைவு முதலியவற்றைத் தமிழ் மனிதனின் செயலாகக் கூறாமல் அவனுக்கு நிகழ்வனவாகக் கூறும்: எனக்குப் பசிக்கிறது, அவளுக்குத் தெரியும், அவனுக்கு நினைவு வந்தது. நான்காம் வேற்றுமை ஏற்ற இவ்வகை எழுவாய் பற்றித் தென்னாசிய மொழியியலில் நிறையவே ஆராயப்பட்டுள்ளது. 1990-இல் வர்மாவும் மோகனனும் தொகுத்த நூல் நன்கு அறியப்பட்டது. ‘எனக்கு நம்பிக்கை பிறந்தது’, ‘அவருக்கு விசுவாசம் வந்தது’ என்பன இவ்வமைப்பில் இயல்பாக அமையும் தொடர்கள். இங்கு விசுவாசம் ஒருவன் செய்யும் செயலன்று. அவனிடம் வந்து சேர்வது. உரோமையர் மடலுக்கு எழுதிய முன்னுரையில் விசுவாசத்தைக் கடவுள் மனிதனுள் செய்யும் வேலை என்று லூத்தர் விளக்க முயன்றதை, இவ்வேற்றுமை விளக்கமின்றிக் காட்டிவிடுகிறது.

தமிழ்ச் சமய இலக்கியத்திற்கு இவ்வினா புதிதன்று என்பதையும் நினைவுகூர வேண்டும். சரணாகதி வீடுபேற்றிற்கு ஓர் உபாயமா என்னும் வழக்கு வைணவத்தில் பிள்ளை உலகாசிரியரும் வேதாந்த தேசிகரும் வாழ்ந்த காலத்திலிருந்து தொடர்வது. இறைவனே உபாயம், அடைக்கலம் புகுதலை உபாயமாக எண்ணுதல் அதனையும் ஒரு முயற்சியாக்கிவிடும் என்றனர் தென்கலையார். ஒரு சாக்கு அளவிலேனும் உயிரின் பங்கு வேண்டும் என்றனர் வடகலையார். பூனைக்குட்டி, குரங்குக்குட்டி உவமைகள் அனைவரும் அறிந்தவை. இரு சமயங்களின் கோட்பாடும் ஒன்று என்பது இதன் கருத்தன்று. விசுவாசமும் ஒரு செயல்தானே என்னும் ஐயத்தை எழுப்பவும் அதற்கு விடைதேடவும் வேண்டிய சொற்கள் தமிழ் மணிப்பிரவாளத்தில் முன்னரே இருந்தன என்பதே இங்கு வேண்டுவது. திருநூல் மொழிபெயர்ப்பாளர் ‘உபாயம்’ என்னும் சொல்லை இவ்விடத்திற்குக் கொண்டுவரவில்லை. பொதுவழக்கில் அது தந்திரம் என்னும் பொருளுக்கு இறங்கியிருந்ததும் ஒரு காரணம் ஆகலாம்.

நான்காம் வேற்றுமை அமைப்பை எல்லா இடத்திலும் ஆள முடியாது. ‘விசுவாசியுங்கள்’ என்னும் ஏவலை ‘உங்களுக்கு விசுவாசம் வரட்டும்’ என்று பெயர்த்தால் கட்டளை வாழ்த்தாகிவிடும். அழைப்பின் கூர்மை போய்விடும். கேட்பவனிடம் விடை எதிர்பார்க்கும் தொடர்களில் செய்வினையே தக்கது. ஆனால் கூற்றுத் தொடர்களில், சிறப்பாக விசுவாசத்தின் தோற்றத்தைக் கூறும் இடங்களில், இவ்வமைப்பிற்கு இடமுண்டு. பழைய மொழிபெயர்ப்பே ஓரிடத்தில் இதன் வாயிலைத் திறந்துள்ளது. உரோமையர் 10:17-இல் கிரேக்கத் தொடருக்கு வினையே இல்லை. ‘விசுவாசம் கேள்வியிலிருந்து’ என்பதோடு அது நின்றுவிடுகிறது. தமிழ் வினை வேண்டும் என்பதால் மொழிபெயர்ப்பாளர் ஒன்றைச் சேர்க்க வேண்டியிருந்தது. ‘உண்டாக்கப்படும்’ என்றோ ‘கொள்ளப்படும்’ என்றோ அவர்கள் சேர்க்கவில்லை. ‘வரும்’ என்று சேர்த்தனர். யாருக்கு வரும் என்பதை நான்காம் வேற்றுமையில் கூறிக்கொள்ளும் இடத்தை அத்தொடர் வெறுமையாக விட்டிருக்கிறது.